இரண்டாவது கேள்வியைக் கேட்க வழி இருக்கிறதா?

அரசைக் கேள்வி கேட்கும் உரிமை நாடாளுமன்ற உறுப்பினருக்கு உண்டு என்றாலும் அந்த உரிமைக்கு விடப்பட்டிருக்கும் வழி மிகக் குறுகலானது என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு டெல்லி வாசகர்களிடமிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நாடாளுமன்றத்துக்கு அருகிலேயே வாழ்பவர்கள், அங்கே போகும் கோப்புகளைத் தயாரித்தவர்கள், அங்கே எடுக்கப்படும் முடிவுகளால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோரின் கடிதங்கள் என்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மத்திய அமைச்சகம் ஒன்றின் நாடாளுமன்றப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்களுக்கு வந்து சேரும் கேள்விகளைவிட, வழியிலேயே நிராகரிக்கப்படும் கேள்விகள் ஏராளம் என்று உறுப்பினர்களின் உதவியாளர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். ஒரு கேள்விக்கு இத்தனை நிபந்தனைகள் தேவைதானா?
– ஆர்.கே. புரம் வாசகர்

பதில்: சில நிபந்தனைகள் அவசியம் தேவை, சிலவற்றை என்னால் ஏற்க முடியவில்லை.

மக்களவை நடைமுறை விதிகளில் 41ஆம் விதி இந்த நிபந்தனைகளைச் சொல்கிறது. மாநிலங்களவையில் 47ஆம் விதி ஏறக்குறைய இதையே சொல்கிறது. கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. அதில் வாதம், ஊகம், கிண்டல், பழிச்சொல் எதுவும் இருக்கக் கூடாது. அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்கக் கூடாது. "இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்" என்று கற்பனையான நிலையை முன்வைத்தும் கேட்கக் கூடாது. இவற்றில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. வசையோடு வரும் கேள்விக்கு அமைச்சர் வசைக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியும். எத்தனை, எப்போது, யார் உத்தரவின் பேரில் என்று மட்டும் கேட்கும் கேள்வியிலிருந்து நழுவுவது அவ்வளவு எளிதல்ல.

சிக்கல் மற்ற நிபந்தனைகளில் இருக்கிறது. அற்பமான விஷயத்தைக் கேட்கக் கூடாது என்கிறது விதி; பதிலின் அளவுக்குள் அடங்காத பெரிய கொள்கை விஷயத்தையும் கேட்கக் கூடாது என்கிறது. பழைய வரலாற்றைச் சாதாரணமாகக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் உள்ளதைக் கேட்கக் கூடாது. அமைச்சரவை விவாதம் போன்ற இரகசிய விஷயங்களைக் கேட்கக் கூடாது. மத்திய அரசுக்கு முதன்மைப் பொறுப்பு இல்லாத எதையும் கேட்கக் கூடாது. எது அற்பம், எது அளவுக்கு மீறிப் பெரிது என்பதை அவைத் தலைவரே தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தின் மேல் அவையில் விவாதம் செய்ய இடமில்லை. இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வியை மட்டுமல்லாமல், பதில் மறுக்கப்பட்ட கேள்வியையும் திரும்பக் கேட்கக் கூடாது என்ற நிபந்தனை. ஒரு முறை மறுத்துவிட்டால் அந்த மறுப்பே அடுத்த உறுப்பினரின் கேள்வியைத் தள்ளுபடி செய்வதற்குக் காரணமாகிவிடுகிறது. மறுக்கப்பட்ட விஷயம்தான் மீண்டும் மீண்டும் கேட்கப்பட வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: நட்சத்திரக் கேள்வி, நட்சத்திரமில்லாக் கேள்வி என்று செய்தித்தாளில் படிக்கிறேன். இரண்டுக்கும் பதில் வருகிறது அல்லவா? எழுத்தில் வரும் பதில்தானே பின்னால் ஆதாரமாக நிற்கும்?
– டெல்லிப் பல்கலைக்கழக மாணவி, வடக்கு வளாகம்

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும்; நட்சத்திரமில்லாததற்கு எழுத்துப் பதில் போதும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் பட்டியலில் இடம்பெறும். மாநிலங்களவையில் இவை முறையே 15, 160. எந்தக் கேள்விக்கு எந்த இடம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. ஓர் உறுப்பினர் பெயரில் ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரக் கேள்விக்கு மேல் வராது. அந்த இருபதிலும் கேள்வி நேரம் எனப்படும் ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழிப் பதில் பெறுபவை பெரும்பாலும் ஐந்தாறுதான். எஞ்சியவற்றுக்கு எழுத்துப் பதில் மேசையில் வைக்கப்படும். 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் இருபது கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டது செய்தியாகவே வெளிவந்தது என்றால், அது எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

வாய்மொழிப் பதிலுக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்றால், அதன் பின்னால் துணைக் கேள்வி வரும். கேட்டவர் அமைச்சரின் பதிலைக் கேட்டுவிட்டு, அதில் உள்ள ஓட்டையைப் பார்த்து, அந்த இடத்திலேயே இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். அவைத் தலைவர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்பார்கள். இவற்றுக்கு முன்னறிவிப்பு கிடையாது. முதல் கேள்விக்கான பதிலை அதிகாரி எழுதித் தந்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கு அமைச்சருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மேலே கடிதம் எழுதிய ஆர்.கே. புரம் வாசகருக்கு இது நன்றாகத் தெரியும்: நட்சத்திரக் கேள்வி வந்துவிட்டால் பதில் ஒரு பக்கம் இருக்கும், துணைக் கேள்விகளை எதிர்பார்த்துத் தயாரிக்கும் குறிப்பு ஒரு கட்டாக இருக்கும், அதைத் தயாரிக்கும்போதுதான் அமைச்சகத்தின் மூத்த அதிகாரிகளே தங்கள் திட்டத்தில் எங்கே பணம் தேங்கி நிற்கிறது என்பதைத் தேடிப் பார்ப்பார்கள். நட்சத்திரமில்லாக் கேள்விக்கு அந்தக் கட்டு தேவைப்படுவதில்லை.

எழுத்துப் பதில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020ஐப் பாருங்கள். கொரோனாவைக் காரணம் காட்டி அந்த ஆண்டின் மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் நீக்கப்பட்டது. நட்சத்திரமில்லாக் கேள்விகள் மட்டும் அனுமதிக்கப்பட்டன. ஊரடங்கில் சொந்த ஊருக்கு நடந்த புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், அவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்று அந்தத் தொடரின் முதல் நாளான செப்டம்பர் 14 அன்று கேட்கப்பட்டபோது, அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை, எனவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தது. ஏன் பராமரிக்கவில்லை, மாநிலங்களிடம் கேட்டீர்களா, ரயில்வேயிடம் இருக்கும் கணக்கு என்ன ஆயிற்று என்று அடுத்த நொடியில் கேட்க ஒருவராலும் முடியவில்லை. அந்தப் பதில் ஆதாரமாக நிற்கத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கொடுத்த அமைச்சர் அவையில் ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டியிருக்கவில்லை.

1892ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தபோது துணைக் கேள்விக்கு இடம் தரவில்லை. 1909இல்தான், அதுவும் கேட்டவருக்கு மட்டும், அந்த உரிமை கிடைத்தது. காலனி அரசுகூட முதலில் விட்டுக்கொடுக்க விரும்பாதது எது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கேள்வி: ஒரு பெரிய ரயில் விபத்து நடந்தால் மறுநாளே அமைச்சரைக் கேட்க முடியாதா? பதினைந்து நாள் காத்திருப்பது எந்த வகையில் நியாயம்?
– மயூர் விஹார் வாசகர்

பதில்: சாதாரணக் கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு தேவை. தகவல் மாவட்டங்களிலிருந்தும் பொதுத்துறை நிறுவனங்களிலிருந்தும் வர வேண்டும் என்பதால் இந்த அவகாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவசரத்துக்குக் குறுகிய கால அறிவிப்புக் கேள்வி என்று 54ஆம் விதியில் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல இயலுமா என்று முதலில் அமைச்சரிடம் கேட்க வேண்டும். அவர் இயலாது என்றால் அது முன்கூட்டி வராது. அவைத் தலைவர் விரும்பினால், முறைப்படி வர வேண்டிய நாளில் பட்டியலின் முதல் கேள்வியாக அதை வைக்கலாம்.

அவசர விஷயங்களை எழுப்புவதற்கான பூஜ்ய நேரத்தில் அன்றன்று எழுப்பலாம். அங்கே அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனால் விதிகளைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலசோர் அருகே 2023 ஜூன் 2 அன்று விபத்துக்குள்ளாகி 290க்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடாளுமன்றமே கூடியிருக்கவில்லை. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை 20 அன்றுதான் தொடங்கியது. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று மட்டும் அரசமைப்பின் 85ஆவது பிரிவு சொல்கிறது; எப்போது கூட்டுவது என்பது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசின் கையிலேயே இருக்கிறது. அவை கூடும் நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும் என்று பலரும் கேட்டு வருகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

கேள்வி: பிரதமர் ஏன் கேள்வி நேரத்தில் பதில் சொல்வதில்லை? இங்கிலாந்தில் வாரந்தோறும் சொல்கிறாரே?
– கரோல் பாக் வாசகர்

பதில்: அங்கே 1961 முதல் பிரதமருக்கென்று தனி நேரம் இருக்கிறது, 1997 முதல் அது புதன்கிழமை அரை மணி நேரமாக நடக்கிறது. பிரதமரின் அன்றைய அலுவல்கள் என்ன என்று சம்பிரதாயமாக ஒரு கேள்வியைப் பதிவு செய்துவிட்டு, அதன் துணைக் கேள்வியாக எதைப் பற்றியும் கேட்டுவிடுகிறார்கள். அங்கும் துணைக் கேள்விதான் உயிர்.

நம்மிடம் அப்படித் தனி நேரம் கிடையாது. கேள்விகள் அமைச்சகவாரியாக ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பிரதமரின் பொறுப்பில் உள்ள அணுசக்தி, விண்வெளி, பணியாளர் நலன் போன்ற துறைகள் மீதுதான் அவரிடம் கேட்க முடியும். அவற்றுக்கும் பெரும்பாலும் இணையமைச்சரே பதில் சொல்கிறார். 2023இல் மணிப்பூர் கலவரம் பற்றிப் பிரதமர் அவையில் பேச வேண்டும் என்பதற்காக எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தையே கொண்டுவந்தன. அது தோற்கும் என்பது கொண்டுவந்தவர்களுக்கே தெரியும். அரசைக் கவிழ்ப்பதற்கென்று உள்ள ஒரு கருவியை, ஒருவரைப் பேச வைப்பதற்காக எடுக்க வேண்டிய நிலை வந்தது என்றால், வழக்கமான வழிகள் போதவில்லை என்றே பொருள். வாரம் ஒரு முறை பிரதமருக்கென அரை மணி ஒதுக்குவதற்கு அரசமைப்புத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. அவை விதிகளில் மாற்றம் போதும்.

கேள்வி: அமைச்சர் தவறான பதில் சொன்னாலோ, "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று தட்டிக்கழித்தாலோ யார் கேட்பது?
– ஜனக்புரி வாசகி

பதில்: பதில் தவறு என்று கருதும் உறுப்பினர், மக்களவைத் தலைவரின் 115ஆவது வழிகாட்டுதலின்படி அவருக்கு எழுதி, தவறைச் சுட்டிக்காட்ட அனுமதி கேட்கலாம். தெரிந்தே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று காட்டினால்தான் உரிமை மீறல் ஆகும். அதைக் காட்டுவது கடினம். பதிலில் எழும் பொது முக்கியத்துவமுள்ள விஷயத்தை அரை மணி நேர விவாதமாக எழுப்பவும் 55ஆம் விதி இடம் தருகிறது.

தட்டிக்கழிக்கும் பதிலுக்கு இருக்கும் மருந்தைப் பற்றித்தான் மக்களுக்கு அதிகம் தெரியவில்லை. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்" என்ற வாக்கியத்தை அமைச்சர் சொன்னவுடன் அது அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறிவிடும். 1953 முதல் மக்களவையில் இயங்கும் அரசு உறுதிமொழிகள் குழு அதைப் பின்தொடரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நியதி. காலக்கெடு நீட்டிப்பு கேட்டுக் கேட்டே ஆண்டுகள் ஓடிவிடும் உறுதிமொழிகளும் உண்டு. ஆனாலும் குழு அமைச்சகத்தின் செயலாளரையே வரவழைத்துக் கேட்கும் என்பதால் அமைச்சகங்கள் அந்த வாக்கியத்தை எழுதுவதற்கு முன் யோசிக்கின்றன.

துணைக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களுடைய பங்குகளை வாங்கியதைப் பற்றி 1957இல் மக்களவையில் எழுந்த கேள்விகளும், அந்த ஆண்டு டிசம்பரில் பெரோஸ் காந்தி ஆளுங்கட்சி இருக்கையிலிருந்தே எழுப்பிய விவாதமும் நீதிபதி சாக்ளா விசாரணைக்கு இட்டுச் சென்றன. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பதில்கள் திருப்தி தராதபோது கேட்டவர்கள் விட்டுவிடவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

கேள்வி: உறுப்பினர்கள் மட்டும் ஒழுங்காக இருக்கிறார்களா?
– லஜ்பத் நகர் வாசகர்

பதில்: இல்லை. 2009 நவம்பர் 30 அன்று கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வராததால் மக்களவையின் கேள்வி நேரமே இடையில் நின்றுபோனது. அதன் பிறகுதான் கேட்டவர் வராவிட்டாலும் பதில் பெற விதி மாற்றப்பட்டது. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கூச்சலில் கேள்வி நேரம் கரைந்தால் அதிகம் நிம்மதியடைவது அமைச்சர்தான் என்பதை எதிர்க்கட்சியினர் ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறார்கள். அதே சமயம், 2023 குளிர்காலத் தொடரில் இரு அவைகளிலும் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டபோது அவர்கள் கொடுத்திருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. உறுப்பினரைத் தண்டிக்கலாம், முறைப்படி அனுமதிக்கப்பட்ட கேள்விக்கு எழுத்துப் பதிலாவது அவரைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கு வந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஜங்புரா மதராசி கேம்ப்பில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. இப்போது நரேலாவில் இருக்கிறோம். எங்கள் நிலையைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்கச் செய்ய முடியுமா? டெல்லி சட்டமன்றத்தில் கேட்பது நல்லதா?
– நரேலா வாசகி

பதில்: முடியும். எழுதும் விதத்தில் கவனம் வேண்டும், அவ்வளவே. மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாக: பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்த இந்தத் தமிழ்க் குடியிருப்பின் சுமார் 370 வீடுகள், டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டன. 189 குடும்பங்களே மறுவாழ்வுக்குத் தகுதி பெற்றவையாகக் கணக்கிடப்பட்டு, நகரத்தின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது.

டெல்லியில் யாரிடம் கேட்பது என்பதே முதல் சிக்கல். அரசமைப்பின் 239ஏஏ பிரிவின்படி காவல்துறை, பொது ஒழுங்கு, நிலம் மூன்றும் டெல்லி அரசின் கையில் இல்லை; எனவே நிலத்தைக் கையாளும் டெல்லி வளர்ச்சி ஆணையம் பற்றி நாடாளுமன்றத்தில் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சரிடம் கேட்கலாம். குடிநீர், பள்ளி, குடிசைப் பகுதி மேம்பாட்டு வாரியம் ஆகியவை டெல்லி அரசைச் சேர்ந்தவை. அவற்றை நாடாளுமன்றக் கேள்வியில் சேர்த்தால் அந்தப் பகுதி நீக்கப்படும், சில சமயம் கேள்வி முழுவதுமே போய்விடும். அவற்றை உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் வழியாகக் கேட்க வேண்டும். ஆனால் டெல்லி அரசு பற்றிய சட்டத்துக்கு வந்த 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், தலைநகரின் அன்றாட நிர்வாகத்தைத் தானோ தன் குழுக்களோ ஆராய்வதற்கும், நிர்வாக முடிவுகள் மீது விசாரணை நடத்துவதற்கும் வழிசெய்யும் விதிகளை டெல்லி சட்டமன்றம் இயற்றக் கூடாது என்று தடுத்துவிட்டது. ஒரு சட்டமன்றத்தின் கையிலிருந்து அதன் முக்கிய வேலையையே பிடுங்கும் ஏற்பாடு இது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

அடுத்தது நீதிமன்றம். இடித்தது சரியா என்று கேட்டால், வழக்கைக் காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள். அதைக் கேட்காமல் இப்படி எழுதலாம்: (அ) நரேலாவில் மதராசி கேம்ப் குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்ட வீடுகள் எத்தனை, அவற்றில் ஒப்படைக்கப்பட்டவை எத்தனை, (ஆ) ஒப்படைத்த நாளில் மின்சாரமும் மின்தூக்கியும் இயங்கிய வீடுகள் எத்தனை, (இ) தகுதியற்றவர்கள் என்று விலக்கப்பட்டவர்களின் மேல்முறையீடுகள் எத்தனை, தீர்க்கப்பட்டவை எத்தனை, (ஈ) தாமதம் இருந்தால் அதற்கான காரணம் என்ன. இதில் வாதமோ குற்றச்சாட்டோ இல்லை. நிராகரிப்பதற்கான காரணம் கிடைப்பது கடினம். மேல்முறையீட்டைக் கையாள்வது எந்த அமைப்பு என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அது டெல்லி அரசின் வாரியமானால் (இ) பகுதியைச் சட்டமன்றத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வியை அனுப்புவதற்கு முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இதே விவரங்களைக் கேட்டு மனு கொடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. அந்தப் பதிலின் நகல் உறுப்பினரின் கையில் இருந்தால்தான், அமைச்சர் வேறு எண்ணிக்கையைச் சொல்லும்போது துணைக் கேள்வி கேட்க அவருக்குப் பிடி கிடைக்கும். டெல்லியின் ஏழு மக்களவை உறுப்பினர்களில் உங்கள் தொகுதிக்காரரிடம் கொடுங்கள். அதோடு நின்றுவிடாமல் தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் உள்ள 39 பேரிலும் மாநிலங்களவையில் உள்ள 18 பேரிலும் பலரிடம் தனித்தனியே கொடுங்கள், ஏனென்றால் குலுக்கலில் எந்தப் பெயர் விழும் என்பது யாருக்கும் தெரியாது. கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்பட்டவுடன், நகர்ப்புற விவகார அமைச்சகத்துக்கு எந்தக் கிழமை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பாகவே வரைவு அவர்களின் அலுவலகத்தில் இருக்க வேண்டும். நட்சத்திரக் கேள்வியாகவே கொடுக்கும்படி வற்புறுத்துங்கள். துணைக் கேள்விகள் இரண்டையும் தனித் தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அந்த வரைவோடு இணைத்துவிடுங்கள்.